குறைப்பிரசவத்துக்கு முன் மக்னீசியம் சல்பேட் ஊசி: குழந்தைக்குப் பாதுகாப்பானதா? குடும்பத்தினர் கேட்கும் கேள்விகள்

ஏழாம் மாதத்தில், சில நேரம் அதற்கும் முன்பே, வலி வந்தோ பனிக்குடம் உடைந்தோ ஆஸ்பத்திரிக்கு ஓடிவரும் குடும்பத்திடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் பல விஷயங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றில் ஒன்று மக்னீசியம் சல்பேட். பிரசவ வார்டில் ‘மேக்சல்ஃப்’ என்பார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து போனில் தேடினால் ஓர் இடத்தில் ‘மூளையைக் காக்கும்’ என்று இருக்கிறது, இன்னோர் இடத்தில் ‘குழந்தையின் எலும்பைக் கெடுக்கும்’ என்று இருக்கிறது. இரண்டுமே ஆதாரமில்லாத பேச்சு அல்ல. எந்தக் காரணத்துக்காக, எவ்வளவு, எத்தனை நாள் கொடுத்தபோது எது நடந்தது என்று பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

என் மருமகளுக்கு பி.பி. கிடையாது. பிறகு ஏன் ஃபிட்ஸ் ஊசி போடுகிறார்கள்?

மருந்து ஒன்றுதான், காரணம் வேறு. கர்ப்பகால ரத்தக்கொதிப்பு முற்றி வலிப்பு வராமல் தடுக்க இந்த ஊசி பல பத்தாண்டுகளாகப் பயன்படுகிறது. நம் ஊரில் பலருக்கு அந்த வகையில்தான் இதைத் தெரியும். 32 வாரத்துக்கு முன்பே பிரசவம் ஆகிவிடும் என்ற நிலையில், பி.பி. சரியாக இருக்கும் தாய்க்கும் இதைப் போடுகிறார்கள். அப்போது அது குழந்தையின் மூளைக்காக. தாய் வழியாக, நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போய்ச் சேருகிறது.

அப்படியானால் இது பிரசவத்தைத் தள்ளிப்போடும் மருந்து இல்லையா?

இல்லை. ஒரு காலத்தில், குறிப்பாக அமெரிக்காவில், வலியை நிறுத்த இதைத் தாராளமாகக் கொடுத்தார்கள். ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது பிரசவத்தைத் தள்ளிப்போட இது உதவவில்லை என்று தெரிந்தது. இந்தப் பழைய பயன்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் நீங்கள் பார்க்கும் பயமுறுத்தும் செய்திகளில் பெரும்பாலானவை அங்கிருந்து வந்தவை.

குழந்தையின் மூளையை இது எப்படிக் காக்கிறது?

24 முதல் 32 வாரம் வரை குழந்தையின் மூளையில் நரம்பிழைகளுக்கு உறை போடும் செல்கள் இன்னும் முதிராமல் இருக்கின்றன. ரத்த ஓட்டம் குறைந்தாலோ கிருமித்தொற்றால் அழற்சி ஏற்பட்டாலோ முதலில் அடிபடுவது அவைதான். அந்த நேரத்தில் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் அளவுக்கு மீறிச் சுரந்து, நரம்புச் செல்களுக்குள் கால்சியம் வெள்ளமாகப் பாய்ந்து செல்கள் மடிகின்றன. மக்னீசியம் அந்த வாயிலை அடைத்து நிற்கிறது. அழற்சியையும் ஓரளவு தணிக்கிறது. முழுச் செயல்முறையும் இன்னும் ஆராயப்பட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் பலன் உண்டா என்ற கேள்விக்கு விடை, நேரடியாகத் தாய்மார்களிடம் நடந்த ஆய்வுகளிலிருந்து கிடைத்தது.

பலன் உண்மையிலேயே நிரூபிக்கப்பட்டதா? சும்மா போட்டுப் பார்க்கிறார்களா?

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் மதித்துப் பதில் சொல்ல வேண்டும். எனவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1995-இல் அமெரிக்காவில் கேரின் நெல்சன், ஜூடித் கிரெதர் என்ற இரு ஆய்வாளர்கள் கலிபோர்னியாவில் 1,500 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகளைப் பார்த்தார்கள். பின்னாளில் பெருமூளை வாதம், அதாவது செரிப்ரல் பால்சி, வந்த குழந்தைகளின் தாய்மாரில் சுமார் 7 சதவீதம் பேர்தான் மக்னீசியம் பெற்றிருந்தார்கள். வராத குழந்தைகளின் தாய்மாரில் அது 36 சதவீதம். இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலா என்று உலகமே கேட்டது. அதைச் சோதிக்கத்தான், குலுக்கல் முறையில் தாய்மாரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மருந்தும் மறுபிரிவுக்கு வெறும் உப்புநீரும் கொடுக்கும் ஆய்வுகள் தொடங்கின.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கரோலின் குரோதர் தலைமையில் 30 வாரத்துக்கு முன் பிரசவிக்கவிருந்த 1,062 பெண்களிடம் நடந்த ஆய்வு 2003-இல் வெளிவந்தது. நடப்பது, உட்காருவது போன்ற பெரிய அசைவுகளில் கடுமையான குறைபாடு மருந்துப் பிரிவில் 3.4 சதவீதம், மறுபிரிவில் 6.6 சதவீதம். பிரான்சில் ஒரே ஒரு 4 கிராம் ஊசியுடன் நடந்த ஆய்வு 2007-இல் வந்தது. அமெரிக்காவில் 2,241 பெண்களிடம் நடந்த ஆய்வு 2008-இல் வந்தது. அதில் மிதமான அல்லது கடுமையான பெருமூளை வாதம் 1.9 சதவீதம், மருந்து பெறாதவர்களிடம் 3.5 சதவீதம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த அமெரிக்க ஆய்வு முதன்மையாக அளக்க எடுத்துக்கொண்டது, ‘இறப்பு அல்லது பெருமூளை வாதம்’ என்ற கூட்டுக் கணக்கை. அதில் இரு பிரிவுகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பெருமூளை வாதத்தைத் தனியாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தனித்தனி ஆய்வுகளில் இப்படித் தயக்கத்துக்கு இடமிருந்தாலும், எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது விடை உறுதியானது. மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 2009-இல் சொன்னதையே 2024-இல் புதுப்பித்த தொகுப்பும் சொல்கிறது: பெருமூளை வாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைகிறது. சுமார் 60 குழந்தைகளுக்கு இந்தப் பாதுகாப்புக் கிடைத்தால், அவர்களில் ஒரு குழந்தை பெருமூளை வாதத்திலிருந்து தப்புகிறது. 60-இல் ஒன்று சிறிய எண்ணாகத் தெரியலாம். வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் ஒரு குறைபாட்டுக்கு, விலை மலிவான ஒரே ஊசியால் இவ்வளவு கிடைப்பது மகப்பேறு மருத்துவத்தில் அபூர்வம்.

ஒரு ஆய்வில் மருந்து கொடுத்த குழந்தைகள் அதிகம் இறந்ததாகப் படித்தேன். உண்மையா?

உண்மை. அப்படி ஓர் ஆய்வு இருக்கிறது. சிகாகோவில் 1990-களின் நடுவில் 149 பெண்களிடம் நடந்தது. மருந்துப் பிரிவில் குழந்தை இறப்புகள் கூடுதலாக இருந்ததால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. 1997-இல் செய்தி வெளியானபோது மருத்துவ உலகம் அதிர்ந்தது. அதிர்ந்ததும் சரிதான்.

அதற்குப் பின் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த ஆய்வில் ஒரு பகுதிப் பெண்களுக்கு வலியை நிறுத்துவதற்காக அதிக அளவில் மருந்து ஓடியது. மொத்த எண்ணிக்கை சிறியது. சில இறப்புகள் பிறவிக் குறைபாடு போன்ற, மருந்தோடு தொடர்புபடுத்தக் கடினமான காரணங்களால் நேர்ந்தவை. அந்தச் சந்தேகத்தை மனதில் வைத்துத்தான் பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் இறப்பையும் கவனமாக எண்ணின. 33 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் வலிப்பைத் தடுப்பதற்காக நடந்து 2002-இல் வெளியான மேக்பை ஆய்விலும் குழந்தை இறப்பு கூடவில்லை. 2019-இல் எமிலி ஷெப்பர்டும் குரோதரும் அவர்களது குழுவினரும் பச்சிளங்குழந்தைகளின் பாதுகாப்பை மட்டுமே கேள்வியாக வைத்து ஏறத்தாழ 200 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். அதில் குலுக்கல் முறை ஆய்வுகள் 40. பிரசவத்தை ஒட்டிய இறப்பில் கூடுதல் ஆபத்து தெரியவில்லை.

சிகாகோ எச்சரிக்கை வீண்போகவில்லை என்றே நான் நினைக்கிறேன். வலியை நிறுத்த அதிக அளவில், நெடுநேரம் கொடுக்கும் வழக்கத்தை உலகம் கைவிட அதுவும் ஒரு காரணம்.

எலும்பு பாதிக்கும் என்று அமெரிக்க அரசே எச்சரித்திருக்கிறதே?

2013 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது: வலியை நிறுத்துவதற்காகத் தொடர்ந்து 5 முதல் 7 நாட்களுக்கு மேல் கொடுக்க வேண்டாம், வயிற்றில் உள்ள குழந்தைக்குக் கால்சியம் குறைந்து எலும்பு மெலியலாம். எச்சரிக்கைக்குக் காரணமான குழந்தைகளின் தாய்மார் மருந்து பெற்ற காலம் சராசரியாக 10 வாரத்தை ஒட்டி இருந்தது. உடலில் ஏறிய மொத்த அளவு சராசரியாக 3,700 கிராம்.

இப்போது உங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் போடப்போகும் அளவைப் பாருங்கள். முதலில் 4 கிராம், பிறகு மணிக்கு 1 கிராம், அதிகபட்சம் 24 மணி நேரம். முழுவதும் ஓடினாலும் 28 கிராம். இரண்டையும் ஒரே பயத்தோடு பார்க்கத் தேவையில்லை.

பிறந்ததும் குழந்தை துவண்டு இருக்குமா? மூச்சு விடாதா?

தாய்க்கு நெடுநேரம் அல்லது அதிக அளவில் ஓடியிருந்தால் குழந்தை கொஞ்சம் தளர்ந்து, சோம்பலாக இருக்கலாம். பால் செரிப்பது ஓரிரு நாள் மெதுவாகலாம். குறைமாதக் குழந்தையின் சிறுநீரகம் மக்னீசியத்தை மெதுவாகத்தான் வெளியேற்றும். சில நாட்களில் அளவு இறங்கிவிடும். பிறந்தவுடன் மூச்சுக்கு உதவி தேவைப்படுவது மருந்தினால் கூடியதா என்று குலுக்கல் ஆய்வுகளில் பார்த்தார்கள். கூடவில்லை. 28 வாரத்தில் பிறக்கும் குழந்தைக்கு மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் மூச்சு உதவி தேவைப்படும் வாய்ப்பு அதிகம், அதனால்தான் குழந்தை மருத்துவர் பிரசவ அறையிலேயே நிற்கிறார்.

குடல் பற்றியும் ஒரு சந்தேகம் உண்டு. 26 வாரத்துக்கு முன் பிறந்த மிகச் சின்னக் குழந்தைகளில் குடலில் துளை விழுவது கூடுகிறதோ என்று ஓரிரு ஆய்வுகள் கேட்டன. அவை பழைய பதிவேடுகளைப் பார்த்துச் செய்தவை. குலுக்கல் ஆய்வுகளில் அப்படித் தெளிவாகத் தெரியவில்லை. இருந்தாலும் இவ்வளவு சின்னக் குழந்தைகளின் வயிற்றை பச்சிளங்குழந்தைகளுக்கான நியோநேட்டல் வார்டில் எப்படியும் தினமும் கவனிக்கிறார்கள்.

தாய்க்கு என்ன ஆகும்? உடம்பெல்லாம் எரிகிறது என்று அழுகிறாள்.

அந்த எரிச்சல் உண்மையானது, பயப்படத் தேவையில்லாதது. ஊசி ஏறும்போது முகம், கழுத்து, உடம்பெல்லாம் சூடு பரவும். வியர்க்கும், குமட்டும், நாக்கு வறளும், பார்வை மங்கலாகத் தெரியலாம், கைகால் கனத்துப்போகும். 2008 அமெரிக்க ஆய்வில் மருந்து பெற்ற பெண்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்கு இப்படி ஏதோ ஒன்று இருந்தது. உயிருக்கு ஆபத்தான நிலை ஒருவருக்கும் வரவில்லை. முதல் அரை மணி நேரம்தான் கடினம். முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். சொல்லாமல் போடுவதுதான் தவறு. தாங்க முடியாத அளவுக்குப் போனால் மருந்தின் வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், நிறுத்தவும் செய்யலாம். இப்படித் தாங்காமல் நிறுத்த வேண்டி வருவது, உப்புநீர் பெற்றவர்களைவிட மருந்து பெற்றவர்களிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு.

கவனிக்க வேண்டிய ஆபத்து வேறு: ரத்தத்தில் மக்னீசியம் அளவு மீறி ஏறுவது. இந்த மருந்து முழுக்கச் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீர் குறைந்தால் மருந்து உள்ளேயே தேங்கும். அளவு ஏற ஏற முதலில் முழங்கால் துடிப்பு, அதாவது முழங்காலில் தட்டினால் கால் துள்ளுவது, மறையும். அதற்கும் மேலே போனால்தான் மூச்சு மந்தமாகும், அதற்கும் வெகு மேலே இதயம் பாதிக்கும். இந்த வரிசை மாறாமல் இருப்பது பெரிய பாதுகாப்பு. அதனால்தான் நர்ஸ் அடிக்கடி வந்து சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டிப் பார்க்கிறார், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுகிறார், சிறுநீர்ப் பையைப் பார்த்து எழுதுகிறார். மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையக் கூடாது, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும், முழங்கால் துடிக்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் ரத்தப் பரிசோதனை இல்லாமலேயே பெரும்பாலும் நம்பிக்கையோடு தொடரலாம். லேப் வசதி இல்லாத இடத்திலும் இந்த மருந்தைப் பாதுகாப்பாகக் கையாள முடிவது இதனால்தான். நர்ஸ் வந்து தட்டும்போது ‘தூங்குகிறாள், விடுங்கள்’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

அளவு மீறினால் மாற்று மருந்து உண்டு: கால்சியம் குளுக்கோனேட், 1 கிராம், ரத்தக்குழாய் வழியாக மெதுவாக. அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

மருந்தை அளப்பதில் தவறு நடக்குமா?

நடக்கக்கூடும் என்று கருதித்தான் மருந்துப் பாதுகாப்பு நிபுணர்கள் இதை உச்ச எச்சரிக்கை மருந்துகளின் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் பொதுவாகக் கிடைக்கும் 2 மில்லி ஆம்பூலில் 1 கிராம் மருந்து இருக்கிறது. ரத்தக்குழாயில் ஏற்ற அதை நீர்க்கச் செய்ய வேண்டும். முதல் அளவை 20, 30 நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரமாகத் தள்ளினால் பி.பி. சடக்கென்று இறங்கும். மருந்தைச் சீரான வேகத்தில் ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்ப் இருந்தால் நல்லது. இரண்டு நர்ஸ்கள் கணக்கைச் சரிபார்ப்பது அதைவிட நல்லது.

யாருக்குப் போடக் கூடாது?

மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத் தளர்வு நோய் உள்ளவருக்குப் போடவே கூடாது, மூச்சுத் தசைகள் செயலிழக்கலாம். இதயத் துடிப்பைக் கடத்துவதில் தடை (ஹார்ட் பிளாக்) உள்ளவர்களுக்கும் தவிர்ப்பார்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைத்து, ரத்தப் பரிசோதனையோடு கொடுப்பார்கள். இந்த மூன்றில் எது இருந்தாலும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பிரசவ வலியை நிறுத்த நிஃபெடிபின் மாத்திரை கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள், பி.பி.யைக் கூடுதலாகக் கவனிப்பார்கள்.

எத்தனை வாரம் வரை பலன்? எனக்கு 33 வாரம்.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் 32 வாரத்துக்கு முன் என்று பரிந்துரைத்தது. ஆஸ்திரேலியா 30 வாரத்தை எல்லையாக வைத்தது. இங்கிலாந்தில் 30 வாரம் வரை கட்டாயம் எடுத்துச் சொல்ல வேண்டும், 34 வாரம் வரை யோசிக்கலாம். இந்த இடைப்பட்ட வாரங்களின் சந்தேகத்தைத் தீர்க்கவே 30 முதல் 34 வாரம் வரையிலான 1,433 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்து 2023-இல் வெளியானது. இறப்பு அல்லது பெருமூளை வாதம் மருந்துப் பிரிவில் 3.3 சதவீதம், மறுபிரிவில் 2.7 சதவீதம், பலன் காணவில்லை. எனவே 33 வாரத்தில் டாக்டர் போடவில்லை என்றால் உங்களுக்கு எதையோ மறுத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். 27 வாரத்தில் போடவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

இன்னும் ஒரு மணி நேரத்தில் பிறந்துவிடும் போலிருக்கிறது. இனிப் போட்டுப் பயன் உண்டா?

நான்கு மணி நேரம் முன்பே தொடங்குவது சிறந்தது. அதற்கு நேரம் இல்லாவிட்டாலும் முதல் அளவைக் கொடுப்பார்கள், குழந்தைக்குச் சீக்கிரமே போய்ச் சேரும். ஆனால் ரத்தப்போக்கோ குழந்தையின் இதயத்துடிப்புக் குறைவோ இருந்தால் ஊசிக்காகப் பிரசவத்தையோ ஆபரேஷனையோ தாமதப்படுத்தவே கூடாது.

ஊசி போட்டார்கள், பிரசவம் நடக்கவில்லை. வலியும் நின்றுவிட்டது. வீணா?

வீணில்லை, ஆபத்தும் இல்லை. 24 மணி நேரத்தில் நிறுத்திவிடுவார்கள். 32 வாரத்துக்கு முன் மறுபடி வலி வந்தால் மறுபடி தொடங்குவதைப் பல மருத்துவமனைகள் செய்கின்றன.

ஸ்டீராய்டு ஊசிதான் போட்டாயிற்றே?

அது நுரையீரலுக்கு. இது மூளைக்கு. இரண்டும் வேண்டும்.

எப்சம் உப்பும் மக்னீசியம் சல்பேட்தானே, வீட்டிலேயே குடிக்கலாமா?

வேண்டாம். குடித்தால் வயிற்றுப்போக்குதான் வரும். மருத்துவமனையில் ஏற்றும் அளவு ரத்தத்தில் ஏறாது. கர்ப்பிணிக்கு வயிற்றுப்போக்கால் நீர்ச்சத்து குறைவது தனி ஆபத்து.

ஊசி போட்ட குழந்தைக்குப் பெருமூளை வாதம் வரவே வராதா? பள்ளிப் படிப்பு?

வாய்ப்பைக் குறைக்கிறது, இல்லாமல் ஆக்குவதில்லை. 2003 ஆஸ்திரேலிய ஆய்வின் குழந்தைகளை 6 முதல் 11 வயதில் மறுபடி பார்த்தார்கள். அசைவு, அறிவு, நடத்தை எதிலும் இரு பிரிவுகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதாவது பள்ளி வயதில் கூடுதல் பலனும் காணவில்லை, தீங்கும் காணவில்லை. பாதுகாப்பைப் பொறுத்தவரை அது நிம்மதி தரும் செய்தி. ஊசி போட்டாயிற்று என்று தொடர் பரிசோதனைகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். கழுத்து நிற்பது, குப்புறப் படுப்பது, உட்காருவது தாமதமானால் ஆரம்பத்திலேயே பிசியோதெரபி தொடங்குவது பெரிய உதவி.

எங்கள் குழந்தை ஊசி போட நேரமில்லாமலே பிறந்துவிட்டது. இப்போது குழந்தைக்குப் போடலாமா?

மேலே சொன்ன பலன் எல்லாம் பிறப்புக்கு முன் தாய் வழியாகக் கிடைத்தது. பிறந்த குறைமாதக் குழந்தைக்கு இதற்காகப் போடும் வழக்கம் இல்லை. பலருக்கு நேரம் கிடைப்பதில்லை. அதில் உங்கள் குற்றம் எதுவுமில்லை. தாய்ப்பால், உடலோடு ஒட்டி வைக்கும் கங்காரு பராமரிப்பு, தொற்று வராமல் கைகழுவுவது ஆகியவை இன்றிலிருந்து உங்கள் கையில் இருக்கின்றன.

ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஊசி போட்டு 108-இல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். என்ன கவனிக்க வேண்டும்?

கடுமையான ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு அனுப்பும் முன் இரண்டு பிட்டத்திலும் 5 கிராம் வீதம் 10 கிராம் தசையில் போடுவது இந்திய அரசின் வழிகாட்டுதலில் உள்ள முறை. வலிக்கும், ஆனால் வழியில் வலிப்பு வராமல் காக்கும். அந்தப் பெண்ணுக்கு 30 வாரம் என்றால், அதே மருந்து குழந்தைக்கும் போய்ச் சேர்கிறது. ஆபத்து எங்கே என்றால், போய்ச் சேர்ந்த இடத்தில் இது தெரியாமல் மறுபடி முழு அளவும் கொடுத்துவிடுவதில். எனவே வண்டி கிளம்பும் முன் பரிந்துரைச் சீட்டை வாங்கிப் பாருங்கள். எந்த ஊசி, எத்தனை கிராம், எத்தனை மணிக்கு என்று மூன்றும் எழுதியிருக்க வேண்டும். இல்லை என்றால் எழுதித் தரச் சொல்லி, அந்தச் சீட்டைத் தாயுடன் வண்டியில் போகிறவர் கையில் கொடுங்கள்.